பதில் சொன்னது யார் என்று கேட்டவர்

செவ்வாய் காலை கூட்டத்துக்குப் புறப்படும்போது றெஜினா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்து, அம்மா போய்விட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கூட்டத்துக்குப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமிலிருந்து பஸ் ஏறி வந்து, பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியச் சரக்குக்கறி காய்ச்சித் தந்தவர். மன்னாரில் நெடுங்காலம் மருத்துவிச்சியாக இருந்தார். அந்தச் சான்றிதழ் இங்கே செல்லவில்லை. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தார். எங்கள் ஆய்வில் பகுதிநேரமாக அவரைச் சேர்த்தவள் நான்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனம் சோர்ந்துபோகும் தாய்மாரிலும் அவர்களின் மூத்த பிள்ளைகளிலும் வெள்ளையருக்குக் கிடைக்கும் உதவி மற்றவர்களுக்கும் கிடைக்கிறதா என்பதே எங்கள் கேள்வி. தெற்கு ஆக்லாந்தில் வீட்டுக்கு வரும் தாதியரின் எண்ணிக்கையைக் கூட்டுவதா என்பது எங்கள் அறிக்கையில் தங்கியிருந்தது. முதல் சுற்றில் சமோவாத் தாய்மாரும் எங்கள் தமிழ்த் தாய்மாரும் வெள்ளைத் தாய்மாரைவிட நலமாக இருப்பதாக வந்தது. பெரிய குடும்பங்கள், தாங்கிக்கொள்கிறார்கள் என்றார்கள் ஆய்வுக் குழுவினர். நானும் அப்படியே தட்டச்சு செய்தேன்.

அக்கா ஒரு வீட்டில் நிரப்பிய கேள்விப் படிவத்துடன் என் அறைக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இது ஆற்ற பதில், பிள்ளை?"

"தாயின்ர."

"இல்லை. மகளின்ர."

அது தெற்கு ஆக்லாந்தில், ஒட்டாராவில் ஒரு தமிழ் வீடு. ஆங்கிலம் மட்டும் தெரிந்த எங்கள் ஆள் ஒருவர் போய்க் கேட்டிருக்கிறார். மொழிபெயர்க்கவென்று பதின்மூன்று வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்திருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கவே மனம் வரவில்லை என்று தாய் சொன்னதை அவள் களைப்பு என்று மட்டும் மாற்றியிருக்கிறாள். ஏன் என்று அக்கா பிறகு அவளிடம் கேட்டிருக்கிறார்.

"சொன்னா அம்மாவைக் கொண்டுபோயிடுவினம், அன்ரி."

ஒரு வீட்டை வைத்து முழு ஆய்வையும் பிழை என்று சொல்ல முடியாது என்றேன்.

"அப்ப மற்ற வீடுகளில ஆர் கதைச்சது எண்டு எழுதி வைச்சிருக்கிறியோ?"

எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமே விடவில்லை. படிவத்தைத் தயாரித்தவளும் நான்தான்.

"படிச்ச ஆக்களுக்குக் கணக்குச் சரிவந்தாக் காணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். மொழி தெரிந்த பெண்களை அனுப்பி மறுபடி கேட்டோம். பிள்ளைகளைத் தனியாகக் கேட்டோம். முதலில் வந்த விடை நிற்கவில்லை. தாமதத்துக்காகக் குழு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் தாதியர் சிலர் கிடைத்தார்கள். போதாது. இதை வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை. அக்காவும் அப்படிச் சொல்லவில்லை.

எதையும் இலேசில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் இருந்தது. எல்லோருக்கும் வசதியான விடை வந்தபோது நான் அதை நம்பினேன். அவர் நம்பவில்லை.

அந்த ஒட்டாராத் தாய்க்குப் புதன்கிழமைகளில் மருத்துவமனை. மகள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று மொழிபெயர்க்க அக்காவே கூடப் போய்வந்தார். இந்தப் புதன் நான் போனேன். தாய் மெதுவாக, நெடுநேரம் பேசினார். சில இடங்களில் சற்றுக் குறைத்துச் சொல்லலாம் என்று எனக்கும் தோன்றியது. குறைக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொன்னேன்.