நீர் கோத்திருக்கு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்ட டாக்டர்

சங்கரன்கோவிலில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் அந்த டாக்டரால் என் மகன் செத்திருப்பான். கோபத்தில் அள்ளிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஆடித் தபசுக்கு ஊர் நிரம்பி வழிந்த வாரம். பையன் பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வயிற்றில் இருந்தபோதே அவனுடைய வலது கிட்னியில் ஏதோ சந்தேகம், பிறந்ததும் ஒரு தடவை ஸ்கேன் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். போனோம். டாக்டர் திரையைப் பார்த்தார், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கிட்னியில நீர் கோத்திருக்கு. ஆபரேஷன் பண்ண வேண்டியது வரும். திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க."

பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் அங்க கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திருநெல்வேலிக்குப் போன் போட்டுக் கேட்டால், அடுத்த வாரம்தான் பார்க்க முடியும் என்றார்கள். நான் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சாதாரணமாகவே தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். இதைக் கேட்டதும் அம்மா தண்ணீர்ச் செம்பையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏட்டி, கிட்னியில தண்ணி நிக்குன்னு டாக்டரே சொல்லுதாரு. நீ மடக்கு மடக்குன்னு குடிச்சா, அதெல்லாம் பாலாப் போயி பிள்ளை வயித்துலதான சேரும்?"

என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். அவரும் "அத்த சொல்லுததுல ஞாயம் இருக்குல்லா" என்று தலையாட்டினார். நான் சண்டை போட்டேன். "பெத்த பிள்ளைய நீயே கொல்லப் போறியா?" என்று அம்மா அழுதாள். பிள்ளைக்கும் பாலைப் பாதியாகக் குறைத்தார்கள்.

முதலில் வீரிட்டு அழுதான். அப்புறம் அழவும் இல்லை, தூங்கிக்கொண்டே கிடந்தான். உதடு காய்ந்துவிட்டது. காலையில் கட்டிய துணி மத்தியானம் வரை நனையவில்லை. கிட்னி நின்றுவிட்டது என்றே முடிவு செய்து, வாடகைக் காரில் திருநெல்வேலிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த குழந்தைகள் டாக்டர் ஒரு பெண்மணி. உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். "பால் குடிக்கானா?"

என் அம்மா பெருமையாகச் சொன்னாள்: "குறைச்சாச்சு டாக்டர். நீர் சேந்துரப்படாதுல்லா."

"பச்சப் பிள்ளையக் காயப்போட்டு வச்சிருக்கீங்களே, இது என்ன கருவாடா?"

அவர் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் வாசலுக்கே போய்விட்டார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். எனக்குத் தண்ணீர், அவனுக்குப் பால். காய்ந்து கிடக்கிற பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தால் எதையும் நம்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை தேறிய பிறகுதான் எடுத்தார்கள். மூத்திரப்பை நிறைந்திருக்கும்போது ஒன்று, போன பிறகு ஒன்று. அவன் போவதற்காக எல்லோரும் காத்து நின்றோம். ஸ்கேன் எடுத்த பெண்ணின் கையிலேயே பீய்ச்சினான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "இவனுக்கு கிட்னியில மூத்திரம் சேருற பை கொஞ்சம் வெளிய தள்ளி இருக்கு. அமைப்பே அப்படித்தான். உங்க வீட்டுக்காரருக்கு மூக்கு நீளமா இல்லையா? அதுக்கு யாரும் ஆபரேஷன் பண்ணுதாங்களா?"

நோய் இல்லை. சில மாதம் கழித்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தோம், கிட்னி நன்றாக வேலை செய்கிறது. இப்போது பையன் வீட்டில் ஒரு பாத்திரத்தை மிச்சம் வைப்பதில்லை, எல்லாவற்றையும் உருட்டுகிறான்.

சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே அடைப்பு இருக்கும், ஆபரேஷன் தேவைப்படும் என்பதும் எனக்குத் தெரியும். சந்தேகப்பட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிட்னியில் நீர் என்று கேட்கிற எந்தத் தாயும் பாலைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. இதை நான் பார்க்கிற கர்ப்பிணிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்ல வேண்டிய வேலையா இது? டாக்டர், இந்தப் பத்திரிகை உங்கள் வரவேற்பறையிலும் கிடக்கிறது. பயத்தை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் உங்கள் வைத்தியமா என்று இதே பக்கத்தில், ஊர் பார்க்கப் பதில் எழுதுங்கள்.