பச்சைத் தெரு

வீட்டில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் கணிப்பாளர் வேலை. எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் புகும், புகுந்தால் எவ்வளவு நாசம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கணினித் திரையில் நகரம் நிறங்களாகப் படுத்திருக்கும். ஆபத்தான தெருக்கள் சிவப்பு, கவலையில்லாதவை பச்சை. மதியம் கண் சொக்கும்போது அந்த நிறங்கள் மெல்ல மிதப்பதுபோல் இருக்கும்.

கொஞ்ச வருடங்களாக மழை தன் பழைய வழக்கத்தை மறந்திருந்தது. வர வேண்டிய மாதத்தில் வராமல், வரக்கூடாத மாதத்தில் வந்து கொட்டியது. பழைய கணக்கெல்லாம் செல்லாக்காசு. புதிய வரைபடம் போடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

ஆற்றோரத் தெரு ஒன்று மட்டும் தளதளவென்று பச்சையாக வந்தது. இழப்பீடு கேட்டு அங்கிருந்து ஒருவரும் வந்ததில்லை. தரை மேடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அக்கா போன வருடம் வீடு வாங்கிக் குடிபோன தெரு அது. மாடி கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தாள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால்தான் கடன் கிடைக்கும். பச்சைத் தெருவுக்குக் காப்பீடு மறுபேச்சில்லாமல் கிடைத்துவிடும். நல்ல சேதியை நேரில் சொல்ல ஞாயிற்றுக்கிழமை போனாள்.

கூடத்தில் உட்கார்ந்ததும் ஏதோ உறுத்தியது. பீரோ செங்கல் மேல் நின்றது. மின்சாரப் பிளக்குகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில்.

"ஏன் மாமா இவ்வளவு ஒசரத்துல?"

"குனிஞ்சா எனக்கு முதுகு வலிக்கும்" என்றார் அக்கா வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பொய் சொல்லவும் தெரியலை இவருக்கு. முன்ன இருந்தவங்க வச்சதுடி. வருஷா வருஷம் தண்ணி வருமாம், போகுமாம். போன தடவை தெருவே சேர்ந்து கழுவிவிட்டோம்."

"யாரும் இழப்பீடு கேக்கலையே!"

"ஒரு மெத்தைக்காக உங்க ஆபீசுக்கு யாரு நடையா நடக்கிறது? வெயில்ல போட்டா காயுது."

அவள் மறுபடி பிளக்கைப் பார்த்தாள். யாரும் கேட்காததை, எதுவும் நடக்காதது என்று எண்ணியிருக்கிறாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்ப என் மாடி?"

"படத்துல உங்க தெரு பச்சை. இனி சிவப்பாக்கணும்க்கா."

"பச்சையாவே விட்டுடேன்டி. உன் கையிலதானே இருக்கு."

"விட்டா, அதை நம்பி இன்னும் நாலு குடும்பம் வந்து இங்கே தரையில படுக்கும்க்கா."

அக்கா எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே மோதிக்கொண்டன.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்தாள். அரைத்தூக்கம். அக்காவின் வீடு புடவையைத் தூக்கிப் பிடித்தபடி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் அதன் கால்களுக்கிடையில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் தெருவைச் சிவப்பாக்கினாள். அடியில் ஒரு விதி சேர்த்தாள்: தரைத்தளத்தைத் திறந்துவிட்டுத் தூண்மேல் நிற்கும் வீடுகளுக்குக் காப்பீடு உண்டு.

"ஆதாரம்?" என்றார் மேலாளர்.

"ஆளனுப்பி, பிளக் எந்த உயரத்துல இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க சார். எங்க அக்கா வீடும் அங்கதான். அதனால கையெழுத்து நீங்க போடுங்க."

போன ஆள் சாயங்காலமே திரும்பினான். தெரு முழுக்க நெஞ்சு உயரம். மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குப் போன் செய்தாள். "மாடி கட்டலாம். ஆனா கீழே தூண் மட்டும்தான்."

"கீழ் வீடு?"

"இடிக்கணும்க்கா. தண்ணி வந்துட்டுப் போகட்டும்."

அந்தப்பக்கம் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"கொக்கு மாதிரி நிக்கணுமா என் வீடு?"

"ஆமா."

"மாமாகிட்ட நீயே சொல்லு" என்றாள் அக்கா. குரல் இன்னும் தேறியிருக்கவில்லை. "படியேறினா முட்டி வலிக்கும்பார்."