மபாஸா கீறாமல் விட்ட கை

கண்டக்குழியில் கல்யாணம் என்றால் மருதோன்றி போட மபாஸாதான் வரவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதிகம் பேசமாட்டாள். மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருப்பாள். குனிந்திருக்கிறவளுக்குக் காது கிடையாது என்று ஊர் எப்படியோ முடிவு செய்திருந்தது. அதனால் சீதனக் கதை முழுவதும் அவள் தலைக்கு மேலேயே நடக்கும். எந்த ஓடு, எந்த வேன், ஏசி எந்த அறைக்கு.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், கேட்டதையெல்லாம் மருதோன்றிப் பூங்கொடிக்குள் படமாகக் கீறிவிட்டாள். வீடு, வேன், ஏசி எல்லாம் மணப்பெண்ணின் கையில் சிவந்து கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தாள். மாமியாரோ அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள். அதுவே புது நாகரிகமாகிவிட்டது. மதுரங்குளியிலிருந்து ஒரு தாய் வேனின் படத்தோடு வந்தாள்.

"நம்பர் பிளேட்டும் விளங்கணும் மகள்."

மபாஸா நம்பரையும் கீறிக் கொடுத்தாள்.

பிறகு பக்கத்து வீட்டு றிஸ்னாவின் கல்யாணம் வந்தது. அவள் வாப்பா மஸாஹிர் சொந்த வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். சீதனமாகக் கட்டி முடித்த வீடு போதாது, மேல்மாடியும் வேண்டும் என்று மாப்பிள்ளை றிம்ஸானின் உம்மா மர்ஷூதா சொல்லிவிட்டார். மாடி கட்ட வள்ளத்தை விற்பதாகப் பேச்சு. விற்றால், அடுத்த கிழமையிலிருந்து மஸாஹிர் இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குப் போகவேண்டும்.

மருதோன்றி வைக்கும் அன்று மர்ஷூதா கதிரையை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்தார்.

"மாடிய வடிவா கீறு புள்ள. பல்கனியும் வெய்."

மபாஸா இடது கையில் மாடி வைத்தாள், பல்கனியும் வைத்தாள். பிறகு வலது கையை எடுத்தாள்.

"மாமி, இதுல நீங்க குடுக்கிறதக் கீறுவம். என்ன குடுக்கிறீங்க?"

"மாப்பிள்ள குடுக்கிற மஹர் இருக்கே."

"அது மோதிரம்தானே, விரலிலயே வரும். வேற?"

மர்ஷூதா சிரித்தார். "என்ட மகனையே குடுக்கிறன், அது காணாதா?"

"அப்ப றிம்ஸானையே கீறட்டா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! ஆள் உருவம் கீறக் கூடாது!"

"அப்ப சும்மா விடுறன்," என்று மபாஸா மருதோன்றிக் கோனை மூடினாள்.

"ஒத்தக் கையோட பொண்ணா? றிஸ்னா, நீ சொல்லு மகள்!"

றிஸ்னா வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும் மாமி."

அந்த வெறுங்கையைப் பெண்பிள்ளைகள் எடுத்த படம் இரவுக்குள் கற்பிட்டி முழுக்கப் போய்விட்டது. மர்ஷூதாவின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அழைத்து, ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: உங்கட பக்கத்தால ஒண்டும் இல்லையா?

விடிந்ததும் மர்ஷூதா மபாஸாவின் வாசலில் நின்றார்.

"என்னத்தையாவது கீறு புள்ள. மானம் போகுது."

"குடுக்காததக் கீறினா பொய்யாப் போகுமே மாமி."

"நிக்காஹ் அண்டைக்குக் காலையில நான் எங்க போய் என்னத்த வாங்க?"

மபாஸா நிலத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "வள்ளம் இன்னும் விக்கல்ல. மாடி வேணாம், வள்ளம் இருக்கட்டும் எண்டு சொன்னா, நீங்க குடுத்த மாதிரித்தானே?"

மர்ஷூதா யோசித்தார். காசு செலவில்லை, கையும் நிறையும். "நாங்க குடுத்தது எண்டு கீறலாமா?"

"ஓம் மாமி, தாராளமா."

உடனே சிவக்கிற கோனால் றிஸ்னாவின் வலது கையில் வள்ளம் ஏறியது. இடது கையின் மேல்மாடியை ஒரு கொடி படர்ந்து மூடியது.

நிக்காஹ் முடிந்து சாப்பாட்டு நேரம். திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு மபாஸா இருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் வாப்பாவுடைய குரல் சபை முழுக்கக் கேட்டது.

"மருமகளுக்கு நாங்க ஒரு வள்ளமே குடுத்திருக்கம்!"

மாஷா அல்லாஹ் என்றார்கள் பலர். பிறகு, பதினைந்து வருடமாக அதே வள்ளத்தை ஓட்டுகிற மஸாஹிர் நன்றி சொல்வதும் கேட்டது.

"ஜஸாகல்லாஹ் மச்சான். நல்ல வள்ளம்."