பனிமலைக்குப் போன முதலுதவிப் பை

ஐம்பது வயதைத் தாண்டினால் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்கிறது. சிலர் தாடி வளர்க்கிறார்கள், சிலர் கொல்லையில் கோழி வளர்க்கிறார்கள். என் கணவருக்கு ஸ்னோமொபைல் பிடித்துக்கொண்டது. பனிமேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிற மோட்டார் வண்டி அது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற ஃப்ரீமான்ட்டில் பனியைப் பார்க்க வேண்டுமானால் ஃப்ரீசரைத்தான் திறக்க வேண்டும். ஆனாலும் மில்பிடாஸ் ஆபீஸ் நண்பர்களோடு தாஹோ ஏரிக்கு அந்தப் பக்கம், ரோடும் போன் சிக்னலும் இல்லாத மலைக்காட்டில் வண்டி ஓட்டப் போவதாக, இட்லி சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாள் சொன்னார்.

"அங்கேருந்து ஹாஸ்பிடல் எவ்வளவு தூரம்?" என்றேன்.

"மொதல்ல வாயைக் கழுவு. கிளம்பும்போதே ஹாஸ்பிடலா?"

கூட்டத்துக்குத் தலைவன் ஒரு மதுரைத் தம்பி. ஆபீஸில் இவருக்குக் கீழே, மலையில் இவருக்கு மேலே. ஆளுக்கொரு முதலுதவிப் பை கட்டாயம் என்று மெயில் அனுப்பியிருந்தான். கை முறிந்தால் தொட்டில் கட்டத் துணி, எலும்போடு சேர்த்துக் கட்ட வளையும் தகடு, உடம்புச் சூடு வெளியே போகாமல் மூடுகிற வெள்ளித்தாள் போர்வை என்றெல்லாம் அதில் இருந்தது. இவர் எடுத்து வைத்தது தலைவலித் தைலம், ஓமத் தண்ணீர், வாயு மாத்திரை, தேங்காய் எண்ணெய். கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர் கட்டுகிற பை. எங்கள் சமையலறையிலேயே டிசம்பரில் கல்லாகிவிடுகிற எண்ணெய் பனிமலையில் எதற்கு? அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பையை நானே கட்ட உட்கார்ந்தேன்.

எனக்குக் கவலை கை காலைப் பற்றி அல்ல. இவருக்குச் சர்க்கரை நோய். அது ஒன்றும் எங்கள் ஊரில் சேதி இல்லை. எந்த வீட்டு விருந்திலும் பாயசம் ஒரு கையில், சுகர் ரிப்போர்ட் பேச்சு வாயில். ஆனால் மாத்திரை போதாமல் இவர் இன்சுலின் ஊசிக்கு மாறியது மட்டும் யாருக்கும் தெரியாது. மாத்திரை என்றால் கௌரவம், ஊசி என்றால் ஆள் அவ்வளவுதான் என்பது இவர் வைத்திருக்கும் சட்டம். விருந்துக்குப் போனால் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வார். அப்புறம் ஒன்றும் தெரியாதவர் போலக் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. குளிரில் அந்தக் கனமான வண்டியோடு மல்லுக்கட்டினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முதலில் உளறுவார், அப்புறம் மயங்கிவிடுவார். வீட்டில் ஒரு தடவை நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மலையில் இருக்கப் போகிறவர்களோ, அண்ணன் களைத்துவிட்டார், தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதற்குத்தான் டாக்டர், இறங்கிய சர்க்கரையைச் சட்டென்று ஏற்ற, மூக்கில் அடிக்கிற மருந்து ஒன்று கொடுத்திருந்தார். சின்னக் குழாய், ஒரே ஒரு தடவைதான் வரும். ஆனால் மயங்கி விழுந்தவர் எழுந்து தன் மூக்கில் தானே அடித்துக்கொள்ள முடியுமா? இன்னொருவர்தான் அடிக்க வேண்டும், அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏங்க, அந்தத் தம்பிகிட்ட மட்டுமாவது சொல்லிடுங்க."

"சொன்னா என்னை அவன் வண்டியில பின்னாடி உட்கார வெச்சு ஓட்டுவான், சீனியர் சிட்டிசன் மாதிரி."

"நான் சொல்லட்டுமா?"

"நீ சொன்னா நான் போகவே இல்ல."

சொன்னால் சொன்னதுதான், அப்படியொரு பிடிவாதம். வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்சுலின் உறையக்கூடாதே என்று பனியனுக்குள் ஒரு பாக்கெட் தைத்தேன். சட்டை, பேன்ட் என்று எல்லாப் பைகளிலும் குளுக்கோஸ் மிட்டாயைத் திணித்தேன். மருந்துக் குழாயைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

கிளம்புகிற அன்று காலை எல்லோரும் எங்கள் கராஜில் கூடினார்கள். அவரவர் பையைத் தரையில் கொட்டச் சொல்லி, தும்மிக்கொண்டே சோதனை போட்டான் தம்பி. நான் காபித் தட்டோடு நின்றேன். எங்கள் பைக்கு வந்ததும் அந்தக் குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னதுண்ணே?"

"மூக்கடைப்புக்குப்பா" என்றார் இவர், கண்கூட இமைக்காமல்.

தம்பியின் முகம் மலர்ந்தது. "அட, நேத்துலேருந்து எனக்கு ரெண்டு பக்கமும் அடைச்சுக் கெடக்குண்ணே. ஒண்ணு அடிச்சுக்கிறேன்."

மேல் உறையைக் கிழித்தான். மூடியைத் திறந்தான். இவர் என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவள் அல்லவா, நான் காபித் தட்டைப் பார்த்தேன். குழாய் மூக்கருகே போய், கட்டைவிரல் அழுத்தப் போன நேரம், இவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. அது ஒரு தடவைதான் வரும்."

"மூக்கடைப்பு மருந்து எப்படிண்ணே ஒரு தடவைதான் வரும்?"

இவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு சுகர்ப்பா. ரெண்டு வருஷமா இன்சுலின் போட்டுக்கறேன். மேலே நான் மயங்கி விழுந்தா அதை மூக்குல அடிக்கணும்."

யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. தம்பி குழாயை மூடினான். "எந்தப் பக்க மூக்குலண்ணே?"

"எதுல வேணாலும். அடிச்சுட்டு ஒருக்களிச்சுப் படுக்க வை. முழிச்சதும் இனிப்பு குடு."

"இறங்குதுன்னு எப்படித் தெரியும்?"

"மொதல்ல உளறுவேன்."

"அது மீட்டிங்லயே நடக்குதேண்ணே. வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

முதலில் சிரித்தது இவர்தான். மற்றவர்களும் நெருங்கி வந்து ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். இத்தனை நாள் பாத்ரூமுக்குள் ஒளித்து வைத்திருந்ததை, தன் மூக்கையே தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினார் மனுஷர்.

தம்பி குழாயைத் தன் ஜாக்கெட்டின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "இது உங்ககிட்ட இருந்து என்ன பிரயோஜனம்ணே? என்கிட்ட இருக்கட்டும். நீங்க எனக்கு முன்னாடி ஓட்டுங்க, நான் பின்னாலேயே வர்றேன்."

முன்னால் ஓட்டு என்றதில் இவருக்குத் தாங்க முடியாத பெருமை. முன்னால் போகிறவரைத்தான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வர முடியும் என்பது இவருக்கு எட்டியதா, தெரியவில்லை. எனக்கு எட்டியது. தட்டை வாஷிங் மெஷின்மேல் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் நின்று அழுதேன்.