பழைய மடல்களைத் தேடும் சவுரிராயன்

“கிரேட்டர், கிரேட்டர், கிரேட்டர், கிரேட்டர்…” என்று கம்ப்யூட்டர் ஓதிக்கொண்டே போகிறது. சவுரிராயன் சிரித்தபடி விசையைத் தட்டித் தட்டி இறங்குகிறார். மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறவர் முந்தைய மடலைக் கீழே அப்படியே விட்டுவைத்தால், வரிக்கு வரி முன்னால் ‘>’ என்று ஒரு அம்புக்குறி விழும்; கம்ப்யூட்டர் அதை ‘கிரேட்டர்’ என்று படிக்கும். கண்ணால் படிப்பவர்களுக்கு அது ஓரத்துக் கீறல். அவருக்கு ஒவ்வொன்றும் காதில் விழும் ஒரு சொல். “நாலு பேரு எழுதினத வாலாட்டம் இழுத்துக்கினு வர்றாரு இந்த மனுசன். அவரா எழுதினது கடைசில ‘தேங்க்ஸ்’ மட்டுந்தான்.”

சவுரிராயனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஒரு வங்கியில் தொலைபேசி இணைப்பாளர் வேலை. ஐம்பதைத் தொடும் வயது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் அவருக்குப் பேசுகிற வேகம், மல்லாட்டைக் கடலை வறுபடும் சத்தம் போலத்தான் நம் காதுக்குக் கேட்கும். அதில் ஒரு எழுத்துப்பிழை வந்தால்கூட நின்று திரும்புவார்.

வலைத்தளங்களை அவர் கட்டடங்களாகத்தான் சொல்வார். “இது நல்ல வூடு. வாசப்படி இங்க, அடுப்பு அங்க, தெரிஞ்சிபோச்சி.” இன்னொன்றுக்கு: “இது கல்யாண மண்டபம். எங்க கை வெச்சாலும் கதவு. சாப்பாடு எங்க போடறாங்கன்னுதான் தெரியல.”

பார்வையற்றவர்கள் முந்நூறு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு மின்னஞ்சல் குழுவில் அவர் தொடக்கம் முதல் இருக்கிறார். யார் கேள்வி கேட்டாலும் எல்லோருக்கும் மடல் போகும். தெரிந்தவர் பதில் சொல்வார். எந்த ஏ.டி.எம்.மில் பேசும் வசதி உண்டு, எண்ணெய் காய்ந்ததைக் காதால் எப்படி அறிவது, பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன கேட்பது என்று பத்து வருடப் பேச்சும் இணையத்தில் ஒரு கிடங்காக, அவர்கள் வாயில் ‘ஆர்க்கைவ்ஸ்’ ஆக, சேர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்தக் கிடங்கை இலவசமாக வைத்திருந்த நிறுவனம் கடையை மூடப்போவதாக அறிவித்தது. மடல்களை வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும். மூன்று இடங்கள் பேச்சில் இருந்தன. மூன்றிலும் மடல்களின் நகலை ஏற்றி, ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைச் சவுரிராயன் எடுத்துக்கொண்டார்.

மூன்றில் ஒன்று முதல் நாளே விழுந்தது. அதில் எதைத் தேடினாலும், படத்தில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொன்னது. அவர் மனைவி அமல்ராணி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து வந்து படித்துச் சொன்னார். நான்காம் தடவை சவுரிராயன் எழுந்துவிட்டார். “அமலு வூட்ல இருந்தாத்தான் தேட முடியும்னா, இது அமலுவோட ஆர்க்கைவ்ஸ். நம்மளுது இல்ல.”

மீதி இரண்டில் ஒன்றின் மேல் அவருக்குக் காதல் என்றே சொல்லலாம். ஒரே விசையில் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். பதில்கள் எல்லாம் மூல மடலுக்குக் கீழே படிப்படியாக இறங்கி நிற்கும். மற்றதில் பக்கத்துக்குப் பக்கம் மேலே வரிசையாக நிற்கும் இணைப்புகள் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். “ஒண்ணு வைகை எக்ஸ்பிரசு. இன்னொண்ணு எல்லா ஸ்டாப்புலயும் நிக்கிற டவுன் பஸ்ஸு” என்று குழுவுக்கு எழுதினார். அவர் சொன்னால் சரி என்று மளமளவென்று ஒப்புதல்கள் வந்து குவிந்தன.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவரும் தேடிப் பார்க்கட்டும் என்று ஒப்புக்குத்தான் அடுத்த ஞாயிறு வளவனூர் கலையரசியை வீட்டுக்குக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலில் பார்வை போய் இரண்டு வருடம். கம்ப்யூட்டர் பழகிச் சில மாதம். கையில் ஆறு மாதக் குழந்தை. அமல்ராணி குழந்தையை வாங்கிக்கொள்ள, சவுரிராயன் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

“இன்னா தேடணும் சார்?”

“நான் இன்னாத்த சொல்றது? உனுக்கு இன்னா வேணுமோ அத்தத் தேடு.”

கலையரசி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: “கொழந்தைக்கு மருந்து ஊத்தணும் சார். கண்ணு தெரியாத ஒரு அம்மா அளவு பாக்குறதப் பத்தி குரூப்ல எப்பவோ எழுதனாங்களாம். எங்க மாமியாரு மருந்து பாட்டில என் கைல குடுக்க மாட்டேங்கறாங்க. கொழந்த ராத்திரில அழுதா நான் அவங்கள எழுப்பிக்கினு நிக்கறேன்.”

சவுரிராயனுக்குப் பிடித்த கிடங்கில் அவள் ‘மருந்து’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள்; குழுவில் பலரும் அப்படித்தான் எழுதுவார்கள். வரவில்லை. வேறு எழுத்துக் கூட்டி அடித்தாள். “Re: ஞாயிறு கூட்டம்” என்ற தலைப்பு மட்டும் வரிசையாக வந்தது. கூட்டத்துக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டாள். இன்னொரு சொல். மறுபடியும் அதே கூட்டம். தாவுகிற விசைகள் தெரியாததால் படியில் இறங்கியவளுக்கு ஏறும் வழி கிடைக்கவில்லை. “எனக்குத்தான் தெரியல சார்” என்று கையை எடுத்துக்கொண்டாள்.

சவுரிராயன் அவளை அந்த ‘டவுன் பஸ்’ கிடங்கில் ஏற்றினார். அதுவும் அதே மடலைத்தான் கொடுத்தது, அதே தலைப்போடு. ஆனால் தலைப்புக்கடியில் மடலிலிருந்து இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தது. “என் குழந்தைக்கு நானே…” என்று குரல் ஆரம்பித்ததுமே கலையரசி அழுத்திவிட்டாள். கூட்டத்துக்கு வர முடியாததற்குக் காரணம் சொல்ல வந்த ஒரு தாய், பேச்சுவாக்கில் எழுதியிருந்தாள்: ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி, டாக்டர் சொன்ன அளவில் அதன் இழுக்கும் தண்டில் மருந்துக்கடைக்காரரை ஒரு பள்ளம் கீறித் தரச் சொல்லுங்கள், இழுக்கும்போது நகம் பள்ளத்தில் விழுந்தால் நிறுத்துங்கள், மருந்துக்கு மருந்து தனிச் சிரிஞ்ச்.

கலையரசி அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள்.

அன்று மாலையே குழுவுக்கு மடல் போயிற்று: “போன வாரம் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நான் எனக்குச் சௌகரியமானதைச் சொல்லிவிட்டேன்.” குழு பொறுமை இழந்தது. முடிந்துபோன விஷயம் என்றார்கள். ஒருவர் போனிலேயே பிடித்தார்: “அது ஜல்தியா இருக்குதுன்னு நீதானய்யா சொன்ன? இப்ப ஒரு பொண்ணுக்கு வர்லன்னு எல்லாரையும் பேஜாரு பண்றியே!”

“எனக்கு ஜல்திதான். நான் வருசக்கணக்கா இதுல கெடக்கறேன். எந்த லெட்டரு எங்க இருக்குதுன்னு பாதி எனக்கு மனப்பாடம். தெரியாம வர்றவங்களுக்குத்தானய்யா ஆர்க்கைவ்ஸே.”

எதிர்ப்பு இருந்தது; ஒரு வாரம் சூடாகவே போயிற்று. அவர் யாரையும் பதிலுக்குக் கடியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது இரண்டிலும் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும் என்று மட்டும் கேட்டார். தேடினார்கள்; அவர்களுக்கும் கலையரசிக்கு நடந்ததே நடந்தது. மடல்கள் டவுன் பஸ்ஸில் ஏறின. சவுரிராயன் இன்றுவரை அதன் நிதானத்தை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டேதான் அதைப் பயன்படுத்துகிறார்.

வளவனூரில், கலையரசியின் மாமியார் வெள்ளையம்மாள் முதல் சில நாள் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாராம். அளவு பிசகவில்லை. பிறகு ஒருநாள் தன் இருமல் டானிக்கையும் எடுத்துவந்து மருமகளிடம் நீட்டியிருக்கிறார்: “இதுலயும் ஒரு கோடு போட்டு வாங்கியாடி. மூடி அளவு எனக்கு மங்கலாத் தெரியுது.”

சென்ற மாதம் நான் சவுரிராயன் வீட்டுக்குப் போயிருந்தபோது, சர்க்கரை நோயால் பார்வை குறைந்துவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருதயராஜ் அந்த நாற்காலியில் இருந்தார். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்களைக் கேட்டுவைத்து, கிடங்கைப் பராமரிப்பவர்களுக்கு எழுதுவது இப்போது சவுரிராயனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. இருதயராஜ் தவறான இணைப்பில் நுழைந்து, திரும்பி, மறுபடி அதிலேயே நுழைந்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த சவுரிராயனுக்கு அது காதிலேயே தெரிந்துவிட்டது. உதடு அசைந்தது. வலது கை விசைப்பலகையை நோக்கிப் பாதி தூரம் போயிற்று.

அதைப் பின்னுக்கு இழுத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.