தகட்டைத் தொட்டாச்சா?

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் முதலாளி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மற்ற நாளெல்லாம் வெடிமருந்து அறை வாசலில்தான் நிற்பார். அங்கே ஒரு பித்தளைத் தகடு உண்டு. நம் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தீபாவளி சீசனில் ஒருநாள், ஆர்டர் அவசரத்தில் தொடாமலே ஓடினேன்.

"ஏ முத்துமாரி, நில்லு! திரும்பி வா!" என்று கத்தினார்.

வந்து தொட்டேன். விரல் நுனியில் சுரீரென்று பொறி தெறித்தது. உள்ளே என் தங்கச்சி வெடிகளுக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். அவர் திட்டவில்லை.

"லோடு நாளைக்குப் போகட்டும் தாயி. நீ தண்ணி குடிச்சிட்டு வா" என்றார்.

போன மாதம் அவர் தவறிவிட்டார். அடக்கத்துக்காக முதன்முதலாகச் சர்ச்சுக்குப் போனேன். வாசலில் என் கை தானாக இரும்புக் கதவைத் தொட்டது. திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த எங்கள் கம்பெனிப் பெண்கள் எல்லோருமே தொட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

முதலாளியம்மா அழுதுகொண்டே சொன்னார்: "அவுகளும் இங்கன இப்படித்தான் தொட்டுட்டு வருவாக."

இப்போது தகட்டருகே நான் நிற்கிறேன். யாராக இருந்தாலும் தொட்டால்தான் உள்ளே விடுவேன். நேற்று, போன் பேசிக்கொண்டே நுழைந்த புது முதலாளியை, எங்கள் பழைய முதலாளியின் மகனையே, வெளியே வரச் சொன்னேன்.