பூசினாற்போல் ஒரு முகம்

என்னைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். ஆச்சிக்கு முகம் பூசினாற்போல் ஆகிவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் கட்டிலில் கிடந்து, பிழிந்து போட்ட துணியாக வீடு திரும்புகிறேன்; தேறிவிட்டேனாம். எரிச்சலாக வரும். அமெரிக்காவிலிருந்து மகளும் வீடியோவில் அதையே சொல்லி, இந்த வருஷம் வரவேண்டியதைத் தள்ளிப்போட்டாள். அவள் நிம்மதியைக் கெடுப்பானேன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மேல்பல் வரிசை விலகி, இட்லியைக்கூட மெல்ல முடியாமல் போனபோதுதான் சிறுநீரக டாக்டர் என் முகத்தை நின்று பார்த்தார். சிறுநீரகம் கெட்டால் கழுத்திலுள்ள சுரப்பி தறிகெட்டுப்போய் எலும்பின் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சுமாம். அபூர்வமாகச் சிலருக்கு முகத்தெலும்பு தடித்துவிடுமாம். கன்னத்தில் இருப்பது சதை இல்லை என்று சொல்லி, சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

மானகிரியிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்குடி ஸ்கேன் சென்டருக்குப் போனேன். மூக்குத்தி, தோடு எல்லாவற்றையும் கழற்றி, கூட வந்தவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். கூட யார் வந்தது? முந்தானையில் முடிந்துகொண்டு போய்ப் படுத்தேன். படமெடுக்கும் தம்பி இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து நேராக வைத்தார். வீட்டுக்காரர் போன பிறகு என் முகத்தை யாரும் தொட்டதில்லை. டயாலிசிஸில் தொடுவதெல்லாம் கையைத்தான். எச்சில்கூட விழுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

“அசைஞ்சிட்டீக ஆச்சி. படம் கலங்கிருச்சு.”

மறுபடியும் தாடையைப் பிடித்தார். தொண்டை கமறியது நிஜம். அடக்கியிருக்கவும் முடியும்.

படத்தில் மேல்தாடை உப்பி, எலும்பு பாலில் ஊறின ரொட்டி மாதிரி பொதபொதவென்று தெரிந்தது. சுரப்பியை எடுத்தால் வளர்வது நிற்கலாம், வளர்ந்தது வற்றும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

“பூசினாப்புல இல்லத்தா. எலும்பு வளர்ந்திருக்கு.”

முகத்தைக் கிட்டே காட்டச் சொன்னாள். போனை நெருக்கிப் பிடித்தேன். அவள் கை திரையை நோக்கி வந்தது. அங்கே என் கன்னத்தைத் தடவுகிறாள். இங்கே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

“வந்து தொட்டுப் பாருத்தா” என்றேன்.